சாவா மூவாப் பேராடு

பி.ஏ. வரலாற்றை விரும்பி எடுத்தவர்கள் கை தூக்குங்கள் என்றார் சார். முதல் நாள், முதல் பீரியட். அறுபது பேர் இருந்த வகுப்பில் நான்கு கைகள் எழுந்தன. என் கை பெஞ்சுக்குக் கீழேதான் இருந்தது. நான் கேட்டுப் போனது பி.காம். கவுன்சலிங்கில் என் முறை வருவதற்குள் அது நிரம்பிவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸும் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த மூன்று பாடங்களில் வரலாறு ஒன்று.

ஊருக்குத் திரும்பியதும் மாமா கேட்டார்: "ஹிஸ்டரியா? அதுல என்னடா இருக்கு? ராஜா செத்தான், ராணி செத்தா." அம்மா மட்டும், "வாத்தியார் வேலைக்குப் போகலாம்ல தம்பி?" என்றாள். போகலாம் என்றேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

இப்போது நானே முதலாமாண்டு வகுப்புக்குப் போகிறேன். அதே கேள்வியைக் கேட்கிறேன். எழும் கைகள் ஐந்தைத் தாண்டியதில்லை. தூக்காத கைகளை நினைத்துத்தான் இந்தக் குறிப்புகளை எழுதிவைக்கிறேன்.

*

அந்த முதல் வகுப்பில் சார் பாடப்புத்தகம் கொண்டுவரவில்லை. ஜெராக்ஸ் தாள்கள் கொண்டுவந்தார், பெஞ்சுக்கு ஒன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம். குடவோலை என்றதும் வகுப்புக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பள்ளிக்கூடத்திலேயே படித்த சங்கதி. "சோழர் கால ஜனநாயகம் சார்" என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

"சரி, நீங்களே எலெக்‌ஷன்ல நில்லுங்க. தகுதி இருக்கான்னு பார்ப்போம்."

ஒவ்வொரு நிபந்தனையாகப் படித்தோம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். நிற்கிறேன் என்று கை தூக்கியவர்களில் பாதிப் பேர் அங்கேயே இறக்கிக்கொண்டார்கள். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். இதில் எல்லாக் கைகளும் இறங்கிவிட்டன. சார் விடவில்லை, "வயசை விட்டுடுவோம், மேல படிங்க" என்றார். வேதம் கற்றிருக்க வேண்டும். ஒரு வேதத்திலும் ஒரு பாஷியத்திலும் வல்லவனானால் நிலம் அரைக்கால் வேலி இருந்தாலே போதும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "நாங்க நிக்க முடியுமா சார்?" என்றாள். சார் தலையை மட்டும் அசைத்தார்.

உத்திரமேரூர் பிரம்மதேய ஊர். அந்தச் சபை நிலமுள்ள பிராமணர்களின் சபை. எங்கள் பள்ளிப் பாடம் அந்த வரியைச் சொல்லாமல் தாண்டிவிட்டது. அதைக் கேட்டதும் வகுப்புக்கு ஒரு கோபம் வந்தது. "அப்ப எல்லாம் பொய்யா சார்?" என்றான் என் பக்கத்தில் இருந்தவன். சார் அதற்கும் இடம்கொடுக்கவில்லை. அடுத்த வரிகளைப் படிக்கச் சொன்னார். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. யார் யார் அந்த உறவினர்கள் என்று முறை சொல்லிப் பட்டியலே போட்டிருக்கிறார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவன் பெயரும் குடத்தில் விழக்கூடாது. முப்பது குடும்பு, அதாவது வார்டு, ஒவ்வொன்றுக்கும் ஓலை, எல்லோர் கண்முன்னும் குடம், விவரமறியாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுக்கிறான். இதையும் ஊதித் தள்ள முடியாது என்றார்.

மணி அடிக்கும் நேரத்தில் அவர் சொன்னது: அங்கே கல்வெட்டு ஒன்றல்ல, இரண்டு. முதலாவது 919. இரண்டாவது 921. முதலாவதில் வயது முப்பதிலிருந்து அறுபது. இரண்டாவதில் முப்பத்தைந்திலிருந்து எழுபது. இரண்டு முறையும் அரசனின் அதிகாரி ஒருவர் சபையில் உடனிருந்திருக்கிறார். "ரெண்டே வருஷத்துல ஏன் திருத்தினாங்க? யோசிச்சிட்டு வாங்க."

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் யோசிக்கிறேன். முப்பது வயதுக்காரர்களோடு ஏதோ தகராறு நடந்திருக்கலாம். அறுபது தாண்டிய யாரோ ஒரு பெரிய மனிதர் தனக்கு இடமில்லை என்று முறையிட்டிருக்கலாம். கல் அதைச் சொல்லவில்லை. ஆனால் கல்லில் வெட்டிய ஒரு விதியை இரண்டே ஆண்டில் மாற்றி, மறுபடி கூலி கொடுத்து வெட்டவைத்திருக்கிறார்கள் என்றால் அந்தச் சபையில் சத்தம் கேட்டிருக்கும். எனக்கு அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிய நாள் அது. பி.காம். கிடைக்காத வருத்தம் எப்போது போனது என்று தேதி கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

*

எங்கள் செட்டில் பெரும்பாலோர் தமிழ் வழி. நூலகத்தில் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' ஆங்கில மூலம் இருந்தது. 1935இலும் 1937இலும் இரண்டு பாகமாக முதலில் வந்த நூல். லிஃப்கோ டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலையில் மூன்று பக்கம் படிப்பேன். அர்த்தம் தெரியாத சொற்களை நோட்டின் வலது ஓரத்தில் எழுதுவேன். சில பக்கங்களில் வலது ஓரம் நிரம்பி இடது ஓரத்துக்கு வந்திருக்கிறது. தலைகுனிவாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இங்கிலீஷ் மீடியம் பசங்கள் மதியத்துக்குள் முடித்துவிடுவதை நான் ஒரு மாதமாகத் தடவிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தலைகுனிவு தேவையில்லை என்பதை யாராவது முதல் வருஷமே சொல்லியிருக்க வேண்டும். சாஸ்திரி எழுதியது ஆங்கிலத்தில். ஆனால் அவர் படித்து எழுதிய கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. அடிக்குறிப்பு எங்களுடைய மொழியில்தான் முடிகிறது. ஜப்பானிலிருந்து நொபொரு கராஷிமா தமிழ் படித்துக்கொண்டு வந்தார். திருச்சிக்குப் பக்கத்து ஊர்கள் இரண்டை, பிரம்மதேயமான ஈசானமங்கலத்தையும் வேளாளர் ஊரான அல்லூரையும், அவற்றின் கல்வெட்டுகளைக் கொண்டு ஒப்பிட்டார். பிரம்மதேயத்தில் நிலம் தனித்தனி ஆளுக்கு இருந்தது, மற்ற ஊரில் பொதுவில் இருந்தது என்று காட்டினார். அவர் கற்றுக்கொண்டு வந்த மொழியில்தான் எங்கள் வீட்டில் சண்டை போடுகிறோம்.

ஆனந்த ரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் அப்படித்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736இல் எழுதத் தொடங்கி 1761 வரை. பிரெஞ்சுக்காரர்களின் அரசியல் ரகசியம் முதல் கப்பல் வந்த நேரம், சரக்கு விலை, ஜோசியம், அண்டை வீட்டுப் பகை வரை ஒரே மூச்சில் வரும். 1748இல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்த நாட்களை அவர் எழுதியிருப்பதைப் படித்தால் அந்தத் தெருவின் பதற்றம் தெரியும். நகரம் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்னால்தான் அவர் இறந்தார். பன்னிரண்டு தொகுதி ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துத்தான் உலகம் அவரை அறிகிறது. பிள்ளை பேசிய தமிழிலேயே அவரைப் படிக்க முடிந்த ஒரு பையன், தமிழ் மீடியம் என்பதற்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வருஷா வருஷம் அவனைப் பார்க்கிறேன்.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திருந்து மூலத்தைத் தொடாமலே மூன்று வருஷம் போய்விடுகிறது. கல்வெட்டு, சுவடி, ஆவணம் எல்லாம் பிஎச்.டி. பண்ணுகிறவர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். பத்தொன்பது வயதில் ஒரு மூல ஆவணத்தைக் கையில் வைத்துத் தடுமாறாதவன் இருபத்தைந்து வயதில் அதைத் தேடிப் போகமாட்டான். நான் துறைக் கூட்டத்தில் திரும்பத் திரும்பப் பேசுவது இது ஒன்றைத்தான்.

*

இரண்டாம் வருஷம், மார்கழி விடுமுறைக்கு முந்தைய வாரம். கல்வெட்டு மைப்படி எடுக்கப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆற்றங்கரையில் ஒரு சின்னச் சிவன் கோயில். தொல்லியல் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே முதலில் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தார்.

எடுக்கும் விதம் இப்படி. முதலில் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்துப் பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கழுவ வேண்டும். எழுத்துக்குள் மண் இருக்கக்கூடாது. பிறகு தாளைத் தண்ணீரில் நனைத்துக் கல்லின்மேல் விரித்து, காற்றுக் குமிழ் இல்லாமல் நீவிவிட வேண்டும். அடர்ந்த மயிர் உள்ள ஒரு பிரஷ்ஷை எடுத்து அந்த ஈரத்தாளை அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் கிழியும், மெதுவாக அடித்தால் தாள் எழுத்துக்குள் இறங்காது. பெரியவர் அடிக்கும் சத்தம் ஒரே சீராக, மழை தகரத்தில் விழுவதுபோல் இருந்தது. நாங்கள் அடித்தால் தாள் கிழிந்தது. நாலு தாள் வீணான பிறகு எனக்குக் கை வந்தது. தாள் பாதி உலர்ந்த பதத்தில் மை தோய்த்த துணிப் பந்தால் ஒற்றியெடுக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கிய இடத்தில் மை படாது. சுற்றிலும் கறுப்பாக, எழுத்து மட்டும் வெள்ளையாக, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒருவனின் உளி போன வழி அப்படியே தாளில் எழுந்துவரும். அது எழுந்து வந்தபோது எங்களில் யாரும் பேசவில்லை.

படிப்பது அடுத்த பாடு. கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. மெய்யெழுத்தா உயிர்மெய்யா என்று நாமே பிரித்துக்கொள்ள வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். 'எரி' என்று வெட்டியிருந்தால் தீயா, ஏரியா? உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்று எளிதாகப் படித்துவிட்டோம். யாரோ ஒருவர் முதன்முதலில் சுவர்முன் நின்று, முன்னும் பின்னும் பார்த்து, இது ஏரிதான் என்று முடிவு செய்திருக்கிறார். அச்சில் வரும் ஒவ்வொரு கல்வெட்டுக்குப் பின்னாலும் இப்படி நூறு முடிவுகள் இருக்கின்றன.

எங்கள் கல்வெட்டு ஒரு விளக்குக் கொடை. நந்தா விளக்கு ஒன்று எரிக்க, சாவா மூவாப் பேராடு தொண்ணூறு. பெரியவர் விளக்கினார்: சோழர் கல்வெட்டுகளில் நூற்றுக்கணக்கில் வருகிற தொடர் இது. விளக்கு அணையாமல் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய். அந்த நெய்க்குத் தொண்ணூறு ஆடுகள், சில இடங்களில் தொண்ணூற்றாறு. கோயில் அந்த ஆடுகளை ஒரு மன்றாடியிடம், அதாவது ஒரு இடையரிடம், ஒப்படைக்கும்.

"சாகாத, கிழடு ஆகாத ஆடு எப்படி ஐயா இருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் எங்கள் செட்டில் ஒருவன் பேசினான். வகுப்பில் அதுவரை வாய் திறந்தே பார்த்திராதவன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடை போட வந்து டெல்டாவிலேயே தங்கிவிட்ட கீதாரி குடும்பம். "ஆடு சாகும். உருப்படி சாகாது" என்றான். பிறகு விளக்கினான். தொண்ணூறு உருப்படி என்றால் வருஷம் இத்தனை குட்டி விழும், இத்தனை நோயில் போகும், பல் விழுந்த கிழட்டு ஆட்டைக் கழிக்க வேண்டும், கிடாக் குட்டியை விற்க வேண்டும். கணக்குத் தெரிந்த கீதாரி தொண்ணூறைத் தொண்ணூறாகவே வைத்திருப்பான். மேலே வருவது அவனுக்கு. கொள்ளை நோய் வந்து கிடை அழிந்தாலும் கோயிலுக்கு அவன் தொண்ணூறுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "அப்ப நட்டமெல்லாம் எங்களுக்கு, புண்ணியம் குடுத்தவருக்கா ஐயா?"

பெரியவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் இன்னொன்றும் கேட்டான்: ஆட்டுப் பாலில் நெய் எடுப்பது பெரிய பாடு, ஆட்டை விற்று நெய் வாங்கியிருப்பார்களோ? பெரியவர் தஞ்சைக் கல்வெட்டுகளைச் சொன்னார். அங்கே ஒரு விளக்குக்கு ஆடென்றால் தொண்ணூற்றாறு, பசுவென்றால் நாற்பத்தெட்டு, எருமையென்றால் பதினாறு என்று கணக்கு வருகிறது. இரண்டு ஆட்டுக்கு ஒரு பசு, மூன்று பசுவுக்கு ஒரு எருமை. கீதாரி வீட்டுப் பையன் அதை மனசுக்குள் போட்டுப் பார்த்து, "எருமைக் கணக்கு சரியா இருக்கு, ஆட்டுக் கணக்கு இடிக்குது" என்றான். கோயில் திண்ணையில் அரைமணி நேரம் இந்தப் பேச்சு ஓடியது. நான் படித்த மூன்று வருஷத்தில் இதைவிட நல்ல வகுப்பு நடந்ததில்லை.

கொடை கொடுத்தவரின் பெயர் தெளிவாக இருந்தது. ஆடுகளை ஏற்றுக்கொண்ட மன்றாடியின் பெயர் கடைசி இரண்டு வரியில் வர வேண்டும். அந்த இரண்டு வரிகளின் மேல், கும்பாபிஷேகத்துக்காகப் புதிதாகப் பதித்த டைல்ஸ் ஏறியிருந்தது.

*

தேர்வு. 1857 கிளர்ச்சிக்கான காரணங்கள்: அரசியல், பொருளாதாரம், சமூகம், சமயம், ராணுவம், உடனடிக் காரணம். கைடில் இருந்ததை அப்படியே இறக்கினேன், மார்க் வந்தது. இந்த அடுக்கு ஞாபகத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதே அடுக்கை வேலூர் 1806க்கும் போட்டார்கள், பிரெஞ்சுப் புரட்சிக்கும் போட்டார்கள். வேலூரில் புதிய தலைப்பாகை, நெற்றிக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்ற உத்தரவுகள். அதே கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள். ஜூலை 10 விடியலுக்கு முன் வெடித்தது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபோது இன்னும் காலைதான். சில மணி நேரத்துக்குள் இத்தனை நெருக்கமாகக் கிடக்கும் விஷயத்தை ஆறு தலைப்புக்குள் பிரித்துப் போட்டால் உயிர் போய்விடுகிறது. இப்போது விடைத்தாள் திருத்தும்போது தலைப்பில்லாமல் கதைபோல் எழுதும் பிள்ளைக்கு நான் ஒரு மார்க் கூடுதலாகவே போடுகிறேன்.

*

தஞ்சைப் பெரிய கோயில் டூர். எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சார் எங்களை வெளிச்சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ராஜராஜன் பல கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடும் பெண்கள், நானூறு பேரைக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தினான். அந்த நானூறு பேரின் பெயரும் சுவரில் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று வரிசையாக. முதல் வீட்டுக்குத் தலைவீடு என்று பெயர். அந்தத் தலைவீட்டில் இருந்தவள் பெயர் சேரமங்கை. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். எல்லோர் பெயருக்கும் முன்னால் 'நக்கன்' என்று இருக்கும்.

அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் செட்டுப் பெண் ஒருத்தி அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்தாள். முப்பது பெயர் தாண்டியதும் சார் போதும் என்றார். அவள் நிறுத்தவில்லை. "இன்னும் இருக்காங்க சார்" என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்று கேட்டோம்.

அவர்கள் விரும்பி வந்தார்களா, பிடித்துக்கொண்டு வந்தார்களா, விட்டுவிட்டு வந்த ஊரில் தாய் இருந்தாளா? நூறு கலம் என்பது நல்ல வருமானம், அதைச் சொல்லத்தான் வேண்டும். இடமாற்றத்துக்கு யாரும் அவர்களைக் கேட்டதாகக் கல்வெட்டு சொல்லவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மனசில் வைத்திருக்கப் பழக்குவதற்கு வேறு எந்தப் பாடத்தில் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

*

சாஸ்திரிக்குச் சோழ அரசு வலுவான மையமும் அதிகாரிகள் படையும் கொண்ட பேரரசு. பர்ட்டன் ஸ்டெய்ன் 1980இல் வந்த நூலில் அதை மறுத்தார். நாடு எனப்பட்ட வட்டாரங்கள் தம் பாட்டுக்கு இயங்கின, அரசனுக்கு இருந்தது பெரும்பாலும் சடங்கு மேலாண்மைதான் என்றார். கராஷிமாவும் சுப்பராயலுவும் கல்வெட்டில் வரும் பெயர்களையும் அதிகாரிப் பட்டங்களையும் எண்ணி எண்ணி வைத்து, ஸ்டெய்ன் சொல்வது ஒத்துவரவில்லை என்றார்கள். இந்தச் சண்டை இருப்பதே எனக்கு மூன்றாம் வருஷம்தான் தெரிந்தது, அதுவும் நூலகத்தில் தற்செயலாக. பாடத்திட்டத்தில் இருந்தது "சோழர் நிர்வாகம்" என்ற ஒரு தலைப்பு, அதற்குக் கீழே மண்டலம், வளநாடு, நாடு, ஊர் என்று படிக்கட்டு. அறிஞர்கள் சண்டை போடும் இடத்தை மறைத்துவிட்டு முடிவை மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமல் வேறென்ன செய்வார்கள்?

*

"படிச்சு என்ன ஆனீங்க?" என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வீட்டு நிலைமை அப்படி. எங்கள் செட்டில் போலீஸில் ஆறு பேர், பள்ளி ஆசிரியர்கள் சிலர், குரூப் ஃபோர் எழுதி அலுவலகங்களில் சிலர், கடை வைத்தவர்கள், துபாய் போனவர்கள். ஒருவன் வி.ஏ.ஓ. அவனைப் பற்றி ஒரு குறிப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி போன் பண்ணினான். 'அ' பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன் என்றான். புல எண், பழைய புல எண், ரயத்துவாரியா இனாமா, மண் வகை, தரம், தீர்வை. "டேய், மன்றோன்னு ஒரு பத்து மார்க் கேள்வி எழுதினோமே, அந்த ஆளு இன்னும் என் டேபிள்ல உட்கார்ந்திருக்கான்டா" என்றான். தாமஸ் மன்றோ 1820இல் சென்னை மாகாண கவர்னராக வந்து ரயத்துவாரியை நிலைநிறுத்தியவர். அவர் காலத்து ஏற்பாடு, பின்னால் வந்த சர்வே, செட்டில்மென்ட் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அந்தப் பதிவேட்டுக்குள் படிந்திருக்கிறது. ஒரு புலத்துக்கு எதிரே இனாம் என்று இருந்தால் எந்தக் கோயிலுக்கு, எந்த ஊழியத்துக்கு என்று அவன் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தனி நோட்டில் எழுதிவருகிறான். பட்டா மாறுதலுக்கு வரும் சனங்களை உட்காரவைத்து, உங்க தாத்தா பேரு இதுல இருக்கு பாருங்க என்று காட்டுகிறான். அவர்களும் குனிந்து பார்க்கிறார்கள். எங்கள் செட்டில் ஒழுங்கான வரலாற்று ஆய்வு செய்துகொண்டிருப்பவன் அவன்தான் என்று நான் நினைக்கிறேன்.

*

மூன்றாம் வருஷப் ப்ராஜெக்டுக்கு நான் எடுத்தது 1876–78 பஞ்சம். காரணம் பாட்டி. பாட்டி பிறந்தது சேலம் பக்கம், வானம் பார்த்த பூமி. யாராவது சோற்றைக் கீழே சிந்தினால், "தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரியும்" என்பாள். பாட்டியும் தாது வருஷத்தில் பிறந்தவள் இல்லை. அவளுக்கு அவளுடைய பாட்டி சொன்னது. கள்ளிப் பழமும் கிழங்கும் தோண்டித் தின்ற கதை, வழியில் விழுந்து கிடந்தவர்களின் கதை. தாது வருஷம் என்பது 1876–77 என்று பஞ்சாங்கக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது உடம்பு ஒரு நிமிஷம் சிலிர்த்தது. கைடில் ஒரு வரியாக இருந்த "பெரும் பஞ்சம்" எங்கள் வீட்டு அடுப்படியில் பேசப்பட்டு வந்ததுதான்.

துறையிலிருந்து சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஆவணக் காப்பகத்தின் சிவப்புக் கட்டடம். உள்ளே அலமாரி அலமாரியாகக் கட்டுகள். நாங்கள் பார்வையாளர்கள்தான், தொட அனுமதியில்லை. அந்த வாடை மட்டும் இன்னும் மூக்கில் இருக்கிறது. அடுத்த நாள் கன்னிமாரா நூலகத்தில் வில்லியம் டிக்பியின் புத்தகத்திலிருந்து சில பக்கங்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். டிக்பி பஞ்சகாலத்தில் சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். 1878இல் இரண்டு பாகமாக எழுதிவிட்டார்.

ஊருக்கு வந்து டிக்‌ஷனரியோடு உட்கார்ந்தேன். 1877 ஜனவரியில் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வருகிறார், செலவைக் குறைக்க வேண்டும் என்ற உத்தரவோடு. நிவாரண வேலையில் இருக்கும் ஆணுக்கு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓர் அணா. அதுவரை இருந்தது ஒன்றரை பவுண்டு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர், இதில் உடலுழைப்பு செய்கிற மனிதன் உயிரோடிருக்க முடியாது என்று எதிர்த்தார். இருவருக்கும் அறிக்கையிலேயே சண்டை. அதே ஜனவரி முதல் தேதிதான் டெல்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று அறிவித்த தர்பார். தானியம் ரயிலேறித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

பவுண்டு என்றால் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. சுமார் 450 கிராம் என்று கணக்குப் போட்டேன். மளிகைக் கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் நானூற்றைம்பது கிராம் புழுங்கலரிசி நிறுக்கச் சொன்னேன். "அது என்ன தம்பி கணக்கு?" என்றார். பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஒரு கையில் அடங்கியது.

அம்மா நடவு முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். நாள் பூராவும் மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு இவ்வளவுதான், கூட ஓர் அணா. அம்மா அரிசிக்குள் கைவிட்டு அளந்து பார்த்தாள்.

"வெயில்ல மண்ணு சுமந்தா இது ஒரு நாளுக்கு எங்கடா காணும்? உப்பு புளி விறகு?"

"அதுக்குத்தான் அந்த அணா."

"பஞ்சத்துல அணாவுக்கு என்ன குடுப்பான்?" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "இது ஆம்பளைக்கு. பொம்பளைக்கு எவ்வளவு போட்டிருக்கான்?"

நான் நோட்டில் ஆண் கூலியை மட்டும்தான் எழுதியிருந்தேன். உள்ளே போய் ஜெராக்ஸ் தாள்களை எடுத்துவந்து விளக்கடியில் வைத்துத் தேடினேன். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. படித்துச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த அரிசியை முறத்தில் கொட்டி, கல் பொறுக்க ஆரம்பித்தாள்.